கட்டிப்பால்

“சிரிச்ச மூஞ்சியா நில்லு சுதா. எழவு வீட்டுக்கு ஆக்குற மாதிரி நிக்கிற,” என்றான் கணவன் ஜீவராஜ், போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு.

சுதர்சினி சிரித்தாள். அவன் வீடியோவைத் தொடங்கினான்.

இனி இருவரும் பேசக்கூடாது. நடுவில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால், வேறு யாரோ சமைத்ததை வெட்டி ஒட்டியதாகக் குவைத்தில் இருக்கும் அந்த இந்திய மேடம் நினைத்துவிடுவார். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சசிக்குமார் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

விறகடுப்பும் தெரியக்கூடாதாம். அடுத்த லயன் காம்பராக்காரர்களிடம் இரவல் வாங்கிய கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புகை படிந்த சுவரைப் பூப்போட்ட பெட்சீட் மறைத்திருந்தது.

வெங்காயமும் தக்காளியும் கஜுப் பருப்பும் அரைத்த விழுதை வதக்கி, கோழித் துண்டுகளைப் போட்டாள். மேடத்தின் பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாதாம். வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருக்க வேண்டுமாம். ரத்தோட்டை டவுன் கடைகளில் கிரீம் கிடைக்கவில்லை. தேங்காய்ப்பால் போதும், படத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று அதற்கும் வழி சொல்லியிருந்தான் சசிக்குமார்.

போகமாட்டேன் என்று அவள் சொல்லாமல் இல்லை.

ஜீவராஜிடம் சொன்னாள். அவன் குனிந்து செருப்பைத் தேடினான். மாமியாரிடம் சொன்னாள். “யாருதான் ஆசப்பட்டுப் போறா?” என்றுவிட்டு அவர் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்.

இரண்டு வயது முடியாத பிள்ளையின் தாயை வெளிநாட்டு வேலைக்கு இலங்கை அரசாங்கம் விடாது. அவள் பக்கம் நின்றது அந்தச் சட்டம் ஒன்றுதான். போன வெள்ளிக்கிழமை மகள் ஹம்சிகாவுக்கு இரண்டு வயது முடிந்தது. கேக் வெட்டும்போது வீட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

மிச்சம் இருந்தது இந்தக் கறி. கறி கெட்டால் மேடம் வேறு ஆளைப் பார்ப்பார்.

அவள் தேங்காயின் கட்டிப்பாலை ஊற்றினாள்.

ஊற்றியதும் தீயைக் குறைக்க வேண்டும். கொதி வரவிடாமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வயதிலிருந்து அவள் கைக்குத் தெரிந்த வேலை. கரண்டியை அசைக்காமல் வைத்திருக்கத்தான் இப்போது பலம் தேவைப்பட்டது.

அடுப்பைக் குறைப்பதுபோல் குமிழைத் தொட்டு, கூட்டினாள்.

உள்ளறையில் சீலைத் தொட்டில் அசைந்தது.

“அம்மா.”

முதல் சிணுங்கலுக்கே போட்டதைப் போட்டபடி ஓடுகிறவள் அவள். கை ஈரத்தைப் பாவாடையில் துடைப்பதுகூடத் தொட்டில் பக்கத்தில் போய்த்தான். இன்று கால்கள் ஒரு அங்குலம் நகர்ந்து, நின்றன. சட்டியின் ஓரத்தில் பால் அப்போதுதான் நடுங்கத் தொடங்கியிருந்தது. இப்போது விட்டுப் போனால் ஜீவராஜ் அடுப்பை அணைத்துவிடுவான்.

“அம்மா... அம்மா...”

இன்னும் கொஞ்சம்டா தங்கம், என்று மனதுக்குள் சொன்னாள். அம்மா எங்கயும் போகாம இருக்கத்தான்.

பிள்ளை வீறிட்டது. மூச்சு பிடித்து, ஒரு கணம் சத்தமே இல்லாமல் போய், மறுபடி வீறிட்டது. அவளுக்கு முதுகுத் தோல் முழுவதும் காதாகிவிட்டதுபோல் இருந்தது. கண்களைச் சட்டியிலிருந்து எடுக்கவில்லை.

கொதி பொங்கி ஏறியது. பால் திரிந்தது. சிவந்த எண்ணெய் தனியே பிரிய, வெள்ளை வெள்ளையாய்ப் பொருக்குகள் மிதந்தன. ஒரு கரண்டி அள்ளி, போனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். மேடத்துக்கு நன்றாகத் தெரியட்டும்.

ஜீவராஜ் கட்டைவிரலை உயர்த்தினான். எண்ணெய் மிதந்தால் நல்ல கறி என்று நினைக்கிறவன்.

வீடியோ முடிந்ததும் அவள் ஓடினாள். வியர்த்து, சிவந்து, விக்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அழுத்தினாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று மத்தியானம் திரிந்த கறியை ஊற்றிச் சோறு பிசைந்து, பிள்ளைக்கு ஊட்டி, தானும் இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

கை கழுவும்போது சசிக்குமாரின் குரல் பதிவு வந்தது. ஜீவராஜ் சத்தமாகப் போட்டான்.

“அண்ணே, பால் திரிஞ்சிருச்சின்னு மேடம் சிரிக்கிறாங்க. அது பரவாயில்லயாம், வந்து பழகிக்கலாமாம். முன்னுக்கு இருந்த பொண்ணு மூனே மாசத்துல, மகன் நெனப்புல அழுது அழுது ஊருக்குப் போயிருச்சாம். வீடியோவுல புள்ள அந்தக் கத்து கத்துது, அக்கா திரும்பிக்கூடப் பாக்கல. அந்த மாதிரி ஆளுதான் வேணுமாம்.”