நிகாஸியா வரல

கறுப்பினத்தவருக்கு மஞ்சள் நாடா, பூர்வகுடிகளுக்குப் பச்சை நாடா என்று மண்டப வாசலில் ஒரு பெண் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பஸீலியா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ஒருத்தருக்கு ஒன்னுதாம்மா."

"நாங்க கரிஃபுனா. ரெண்டும் சேர்ந்துதான் பொறந்தோம். பாதி ஆளை வெளிய நிறுத்திட்டு வரட்டுமா?"

தலைநகரத்திலிருந்து வந்த பெண், பாவம், மேலிடத்தைக் கேட்கப் போனாள். மேலிடம் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பஸீலியா மஞ்சளை ஒரு கையிலும் பச்சையை மறு கையிலும் தானே கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கறுப்பின, பூர்வகுடித் திரைப்பட இசை மாலைக்கு ஊரே திரண்டிருந்தது. கூட்டத்தைக் கண்டு கலாசாரத் துறை அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. ட்ருஹியோ கரையில் கலை இன்னும் சாகவில்லை என்று பேசினார்.

கலையைப் பார்க்க யார் வந்தார்கள்? பஸீலியாவின் பாட்டை நிகாஸியா படத்தில் பாடியிருக்கிறாள், பஸீலியா என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்க வந்த கூட்டம் அது.

அந்தக் கரையில் மனக்குறை உள்ள பெண் குடுமிப்பிடிச் சண்டைக்குப் போகமாட்டாள். பாட்டுக் கட்டிவிடுவாள். யார்மேல் குறையோ அவர் பெயர் பாட்டில் வரும், ஊர் அதற்கு ஆடும். பெயர் வந்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

புருஷன் ஃபெர்மினைக் கடல் கொண்டுபோனபோது பஸீலியா கட்டினாள். ஒன்பதாம் இரவு, மேளமும் ரம்மும் சாப்பாடுமாக விடிய விடிய அவனை வழியனுப்பினார்கள். அவனோடு ஜென்மப் பகை உள்ளவன்கூட வந்து இரண்டு தட்டு மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனான். அவன் கூடப்பிறந்த தங்கை நிகாஸியா மட்டும் வரவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.

'நண்டுகூட வந்துச்சு, நிகாஸியா வரல. கதவு தெறந்துதான் இருந்துச்சு.'

தாளம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது, கல்யாணங்களில்கூடப் பாடினார்கள். அண்ணியும் நாத்தனாரும் அன்றோடு பேச்சை விட்டார்கள்.

படக்காரர்கள் வந்தபோது பஸீலியா மகளின் பிரசவத்துக்கு லா செய்பா போயிருந்தாள். ஊரில் யாருக்கு நல்ல குரல் என்று கேட்டிருக்கிறார்கள். ஊரும் வேலை மெனக்கெட்டு நிகாஸியாவின் வீட்டைக் காட்டியிருக்கிறது.

நிச்சயம் பெயரை மாற்றியிருப்பாள். அந்த இடத்தில் பஸீலியா என்று போட்டாலும் தாளம் இடிக்காது, கட்டியவளுக்குத் தெரியாதா. படம் பிரான்ஸ் வரைக்கும் போய்விட்டு வந்ததாம். சொந்தப் புருஷனின் ஒன்பதாம் இரவுக்குப் பஸீலியாதான் வரவில்லை என்று பிரான்ஸ் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தால் யார் போய்ச் சொல்வது?

பஸீலியா ஒரு செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மண்டபத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நிகாஸியாவைக் காணோம். இதற்கும் வரவில்லை, அதுதானே அவளுக்கு வழக்கம்.

விளக்கை அணைத்தார்கள். முதலில் கடல் வந்தது. பிறகு ஒரு பெலிக்கன் பறவை. பிறகு, மறந்திருப்பார்களோ என்று, மறுபடியும் கடல்.

பிறகு மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டு நிகாஸியா வந்தாள். "இது பஸீலியா கட்டின பாட்டு" என்றாள். முறையை விடாமல் பாட்டுக்காரியின் பெயரைச் சொல்லிவிட்டாள். பஸீலியா செருப்பை விடவில்லை.

பாட்டு தொடங்கியது. 'ஓ கடல் தாயே, எங்கள் விடுதலையே' என்று திரையின் அடியில் ஸ்பானிய எழுத்து ஓடியது. எழுதியவருக்குக் கரிஃபுனா மொழி தெரியாது. அதனால் என்ன, முகபாவம் தெரிகிறதே. அதிகாரி கைக்குட்டையை எடுத்தார், ஊர் வாயைப் பொத்திக்கொண்டது.

பெயர் வரும் இடம் வந்தது. மண்டபம் மூச்சை அடக்கியது.

'நிகாஸியா வரல' என்று நிகாஸியா பாடினாள். கூசாமல், முழுத் தொண்டையில், தன் பெயரைத் தானே பாடினாள்.

பஸீலியாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இனி செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாட்டு அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பஸீலியா கட்டாத ஓர் அடி வந்தது.

'மரத்தடி வரைக்கும் வந்தா, நிகாஸியா வந்தா. குழம்புக்கு மீனில்ல அண்ணான்னு கடலுக்கு அனுப்புனவ எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வாசல் மிதிப்பா?'

'எங்கள் பாரம்பரியம் அழியாது' என்றது எழுத்து.

அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

இந்தப் பாட்டுக்குப் பஸீலியா எத்தனை கல்யாணத்தில் இடுப்பை ஆட்டியிருக்கிறாள், அந்தச் சிறுக்கி அப்போதெல்லாம் ஓரமாக நின்று பார்த்திருப்பாள். செத்துப்போன ஃபெர்மின்மேலும் கோபம் வந்தது. தங்கச்சி மீன் கேட்டால் அந்தக் காற்றிலா படகை எடுப்பான்?

ஒற்றைச் செருப்போடு எழுந்து வாசலுக்கு நடந்தாள். படம் பிடிக்கவில்லையோ என்று அதிகாரியின் முகம் வாடியது.

வெளியே பாதாம் மரத்தடியில், மண்டப வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து, நிகாஸியா நின்றிருந்தாள். கையில் நாடா இல்லை.

பஸீலியா தன் கையிலிருந்த பச்சை நாடாவை அவிழ்த்து, அவள் மணிக்கட்டில் வலிக்கிற மாதிரி இறுக்கிக் கட்டினாள்.

"கதவு தெறந்துதான்டி இருக்கு. உள்ள வந்து தொலை."

வாசலில் இருந்த பெண்ணுக்கு நிம்மதி. ஒருவழியாக ஒருத்தருக்கு ஒன்று என்று ஆயிற்று.