பூனை நாற்காலியான கதை

பரீட்சைக்குப் படிக்கிற ஒரு வீட்டில், மேசைமேல் ஒரு பென்சில் இருந்தது. தர்க்கக் கணக்காகப் போட்டுப் போட்டு அதற்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஒருநாள் பூனை பால் கிண்ணத்தை நெருங்கியபோது, "நில்!" என்று அதட்டியது பென்சில். "கூற்று ஒன்று: எல்லாப் பூனைகளும் நாற்காலிகள். கூற்று இரண்டு: எந்த நாற்காலியும் பால் குடிக்காது. ஆகவே, எந்தப் பூனையும் பால் குடிக்காது."

பூனைக்கு மீசை துடித்தது. "நான் எப்படா நாற்காலி ஆனேன்? எவன் வந்து என்மேல உட்கார்ந்தான்?"

"கூற்றைக் கேள்வி கேட்கக் கூடாது. உலக நடப்புக்கு மாறாக இருந்தாலும் உண்மை என்றே கொள்ள வேண்டும். வேண்டுமானால் முடிவைச் சரிபார்த்துக்கொள்."

பூனை சரிபார்த்தது. பாழாய்ப்போன முடிவு சரியாகத்தான் வந்து தொலைத்தது. அதற்குள், "கணக்குன்னா இதுல்ல கணக்கு!" என்று வாலை ஆட்டிக்கொண்டே வந்த நாய், கிண்ணத்தை நக்கித் துடைத்துவிட்டது.

பூனைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீட்டிய நகத்தோடு மேசைமேல் தாவியது. ஆனால் பென்சிலைப் பிறாண்டவில்லை. நாயைத்தான் கூப்பிட்டது.

"அண்ணே, நானும் ஒரு கணக்கு சொல்றேன். எல்லாப் பென்சிலும் எலும்பு. எல்லா எலும்பும் நாய்க்குத் தீனி. முடிவு என்ன, நீயே சொல்லு!" என்று சீறியபடி, பென்சிலை ஒரே தட்டில் கீழே தள்ளியது.

நாயின் காலடியில் போய் விழுந்த பென்சில் அலறியது. "ஐயோ, நான் எலும்பு இல்லை! மரம்! வெறும் மரம்!"

"கூற்றைக் கேள்வி கேக்கக் கூடாதாமே," என்றது நாய், வாய் நிறைய.