லாரிக்காரன் போட்ட பதில்

சின்னவர் சிரித்தது தப்பு. அதை வாத்தியாரே ஒப்புக்கொண்டார், கதவைச் சாத்திவிட்டு.

வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரி நறுக்கென்று கேட்டாள், உங்கள் குடும்பத்து மில் ஆட்களோடு எரிந்தபோது கதவை வெளியிலிருந்து பூட்டியது யார் என்று. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றார் சின்னவர். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பெரியவராக இருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். பிள்ளைக்கு அப்பாவின் கட்சித் தலைவர் நாற்காலி வந்துவிட்டது, நடிப்பு இன்னும் வரவில்லை.

விடிந்ததிலிருந்து நாடு முழுக்க அந்தச் சிரிப்புதான் பேச்சு. பாதிப் பேர் காறித் துப்பினார்கள். பாதிப் பேர், என்ன அழகான இங்கிலீஷ் என்று உருகினார்கள்.

உருகியதில் ஒரு பங்கு இந்த அறையில் தயாரானது.

கடைகளுக்கு மேலே மாடியில் ஒரு நீள அறை, வரிசையாகக் கணினிகள், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு பொய்ப் பெயர்கள். எடுத்த எடுப்பில் புகழக் கூடாது என்பது அறையை நடத்தும் வாத்தியார் கற்றுக்கொடுத்த தொழில். முதலில் நன்றாகத் திட்ட வேண்டும். பிறகு மெல்ல மனசு மாற வேண்டும். அப்போதுதான் ஊர் நம்பும்.

அங்கே எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. அவள் கைவசம் இருந்ததில் கெட்டிக்காரப் பெயர் லாரிக்காரன். முறுக்கு மீசைப் படம், மூக்குக்கு மேல் கோபம். அவன் என்ன எழுதினாலும் கைதட்ட ஒரு கூட்டம் இருந்தது. அறையில் அவளையே லாரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டில் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. தங்கை ஏதோ ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் பெயர் பதிகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தான். எழுத்துதானே, யாரைச் சுடப்போகிறது என்று அவளும் தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

வாத்தியார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் ஒரு பதிவைக் காட்டினார். புதுக் கணக்கு, பெயரில்லை, முகமில்லை. காலையிலிருந்து ஊரே அதைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தது.

"கதவைப் பூட்டினது யாரு தம்பி? என் தங்கச்சி உள்ள இருந்தா. அன்னிக்கு அவ செருப்பு அறுந்துபோச்சுன்னு என் செருப்பைப் போட்டுட்டுப் போனா. திரும்பி வந்தது ஒத்தைச் செருப்பு மட்டும்தான்."



அந்தத் தங்கச்சி அவளுக்கு அக்கா. எழுதியது அண்ணன்.

நிஜ ஆள் என்று தெரிந்தால் விலாசத்தைத் தேடி எடுத்து வெளியே இருக்கும் அடியாட்களிடம் கொடுத்துவிடுவார்கள். போன மாதம் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். கடை இன்னும் திறக்கவில்லை. எதிர்க்கட்சியும் இதே மாதிரி ஓர் அறை வைத்திருந்தது. அங்கிருந்து வந்த பொய்ப் பெயர் என்றால் யாரும் சீந்துவதில்லை.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, சீண்டிப் பார்ப்பது. கூலிக்கு எழுதுகிறவன் இரண்டு அடி வாங்கியதும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான். வலிக்கிறவன்தான் நின்று சண்டை போடுவான்.

லாரிக்காரன் எழுதினான். செருப்புக் கதை பிரமாதம், எழுதிக் கொடுத்தது யாரோ?

பதில் போடாதே அண்ணா, பதில் போடாதே என்று அவள் மனசுக்குள் கும்பிட்டாள். அவனாவது சும்மா இருப்பதாவது. சின்ன வயதிலிருந்தே முன்கோபி.

உடனே வந்து விழுந்தது.

"நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலியாடா?"

வாத்தியார் குனிந்து படித்தார். போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நிஜ ஆள் மாதிரில்ல இருக்கு. இன்னொரு தட்டு தட்டிப் பாரும்மா. மறுபடியும் துள்ளினான்னா பசங்ககிட்ட சொல்லிடறேன்."

அண்ணனை நிறுத்த வேண்டும். அதட்டினால் நிற்க மாட்டான். கெஞ்ச முடியாது, பின்னால் ஆள் நிற்கிறது.

மில் எரிந்த அன்றைக்கு அண்ணனின் செருப்பு அக்காவின் காலுக்குப் பெரிதாக இருந்தது. நடந்தால் கழன்று கழன்று வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற குட்டித் தங்கை, அவள்தான், தன் சீருடையிலிருந்து ஊக்கைக் கழற்றி, வாரில் குத்தி இறுக்கிவிட்டாள். திரும்பி வந்த செருப்பில் அந்த ஊக்கு அப்படியே இருந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

லாரிக்காரன் எழுதினான்.

"கதையில ஒண்ணு குறையுதே அண்ணே. உங்க செருப்பு அவளுக்குப் பெருசு. கழண்டு விழாம இருக்க வாருல ஒரு ஊக்கு குத்தியிருந்ததுன்னும் சேத்துக்கோங்க, எல்லாரும் நம்புவாங்க."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

பதில் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதிவைக் காணோம். பிறகு கணக்கையே காணோம்.

வாத்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார். "கூலிக்கு மாரடிக்கிற பய! ஓடிட்டான் பாரு." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

அண்ணன் பிழைத்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேசைக்கு அடியில், கைப்பைக்குள் அவள் போன் ஒரு தடவை அதிர்ந்தது. சாப்பிட்டியா குட்டி என்று ஆரம்பித்து நாலு வரி எழுதுவதுதான் அண்ணனின் வழக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"நீயா?"