போவாட்டெங்கின் சனிக்கிழமைகள்

அலுவலகக் கணினி நாட்காட்டியில் எல்லாச் சனிக்கிழமையும் நிரம்பியிருந்தது. ஆனால் திங்கட்கிழமை பார்த்தால் பணம் அனுப்பும் சர்வரில் எதுவுமே மாறியிருக்காது. எப்படி என்று அதைப் பழுதுபார்க்க வேண்டிய எஃபுவாவுக்குப் புரியவில்லை.

அந்த அக்ரா அலுவலகத்தில் சனிக்கிழமை மட்டும்தான் சர்வரில் கைவைக்கலாம். ஒவ்வொரு சர்வருக்கும் நாட்காட்டியில் ஒரு வரிசை உண்டு. ஒருவர் அதில் தன் பெயரில் வண்ணப் பட்டை போட்டு முன்பதிவு செய்துவிட்டால், அன்றைக்கு அந்தச் சர்வர் அவருக்குத்தான். பணம் அனுப்பும் சர்வரின் பட்டைகள் எல்லாம் மேலாளர் போவாட்டெங் போட்டவை.

"பாஸ், ஒரே ஒரு சனிக்கிழமை விடுங்க. ஒரு தடவை அனுப்பினா ரெண்டு தடவை பணம் எடுக்குது. சந்தைக்காரம்மாங்க என்னைத்தான் கிழிக்கிறாங்க."

"கிழிக்கட்டும். சும்மாவா சம்பளம் வாங்குற?"

"நீங்க அன்னிக்கு என்னதான் செய்யறீங்க?"

"அதைக் கேக்க நீ யாரு?"

அவர் முதுகுக்குப் பின்னால், இழவுக்குக் கட்டும் கறுப்புத் துணி இஸ்திரி போட்டுத் தொங்கியது. எஃபுவாவுக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமைதோறும் அவர் ஊரில் ஓர் இழவு. அங்கே அவருக்கு ஆபீஸ் போன் வரக்கூடாது; அதற்காகத்தான் யாரும் சர்வரைத் தொடாதபடி பட்டை.

"சரி பாஸ். வேறொரு சர்வர்ல சின்ன வேலை. அந்த வரிசை காலிதான். ஒப்புதல் மட்டும் கொடுங்க."

"உன்னோட பெரிய தொல்லை." படிக்காமலே ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டு சொந்த ஊரான குமாசிக்குக் கிளம்பினார்.

திங்கட்கிழமை கத்திக்கொண்டே வந்தார். "என் பட்டையெல்லாம் எங்கடி? யாரு அனுமதிச்சது?"

"நீங்கதான். நாட்காட்டியும் ஒரு சர்வர்லதானே ஓடுது, பாஸ்? பட்டை போட்டுட்டு அன்னிக்கு வேலை செய்யாதவங்களோட மிச்சப் பட்டைகளை இனிமே அதுவே அழிச்சிடும்."