பார்சல் முடிச்சு

அப்பா கட்டும் முடிச்சில் கண்ணி வலப்பக்கமாகத்தான் விழும் என்பது அவள் நினைவு. தகரப் பெட்டியைச் சுற்றியிருந்த கயிற்றில் அது இடப்பக்கம் கிடந்தது.

தனக்குத்தான் சரியாக ஞாபகமில்லையோ என்று நினைத்துக்கொண்டாள். அப்பா போன இந்த ஒரு மாதமாகத் தூக்கமே சரியில்லை. இடம் வலம் குழம்பினால் அதிசயமில்லை.

பார்சல் ஆபீசில் முப்பது வருடம் கயிறு கட்டியவர் அப்பா. அவர் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும்.

அவிழ்ந்தது.

எதிரே தம்பி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தம்பிக்கு அப்பா எழுதியது. நடந்ததை மறந்துவிட்டு வந்து சேர் என்று இரண்டே வரி. தபாலில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தார். படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு அவள் ஒருத்தியாக எல்லாம் செய்துகொண்டிருந்த சமயம். ஓடிப்போனவனுக்கு இத்தனை உருக்கமா என்று பற்றிக்கொண்டு வந்தது.

போடவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை.

அம்மா போனபின் அம்மாவின் சாமான்களை அப்பா இந்தப் பெட்டியில் அடுக்கியபோது, உதவுகிற சாக்கில் அடியில் செருகிவிட்டாள்.

“பதில் வந்துதா?” என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. தம்பி அவருடைய சாவுக்குத்தான் வந்தான்.

பெட்டியைப் பார்க்க மறுபடி வருகிறேன் என்றிருந்தான். அதற்குள் எடுத்துவிடலாம் என்றிருந்தாள். அவனோ சொன்னதற்கு ஒரு நாள் முந்தி, நேற்றே வந்து நின்றான். அவளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதாயிற்று.

ஒரு காம்பு உடைந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி வந்தது. அப்பா வேலைக்குக் குத்திக்கொண்டு போன பித்தளை வில்லை வந்தது. மாத்திரை டப்பாவில் பால்பற்கள்.

“இது உன் பல்லா என் பல்லாக்கா?”

“சொத்தையா இருந்தா உன்னுது. மிட்டாய் தின்னே வளர்ந்தவன் நீதானே.”

சிரித்தான்.

செய்தித்தாள் வந்துவிட்டது. அவள் கை அதன்மேல் நின்றது.

“அடியில ஒண்ணும் இருக்காதுக்கா. டீ போடறேன்” என்று எழுந்து போனான்.

தப்பித்தேன் என்று தாளைத் தூக்கினாள்.

வெறும் தகரம்.

அப்படியானால் அப்பா எப்போதோ பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவன் டீ கொண்டுவந்தான். இருவரும் குடித்தார்கள்.

பெட்டி அவளிடமே இருக்கட்டும் என்றான். எல்லாவற்றையும் திருப்பி அடுக்கி, கயிற்றை எடுத்து அவனே கட்டினான்.

“நொட்டாங்கைக்காரன் கட்டுன பார்சல் ஊரெல்லாம் சுத்திட்டுதான் போய்ச் சேரும்னு அப்பா கிண்டல் பண்ணுவாரே” என்றான், குனிந்தபடியே.

கண்ணி இடப்பக்கம் விழுந்தது.

அவன் நிமிரவில்லை. அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தம்பி ஊருக்குப் போனான். இப்போது மாதம் ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறான். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். கடிதத்தைப் பற்றி அவன் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. பெட்டி அலமாரியின் மேல், அவன் கட்டியது கட்டியபடி இருக்கிறது.