பக்கத்து யன்னலுக்குத் தெரியுமோ?

"பக்கத்து வீட்டு யன்னலில இருந்து பாத்தால் தெரியுமோ?"

ரீவி வாங்க வந்த கனகரத்தினம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கடைக்காரர் சரிபுதீன் தூசு தட்டுவதை நிறுத்தினார். யுத்தம் முடிந்து மன்னாரில் கடை திறந்து இரண்டு வருடம். படம் துலக்கமா, எத்தனை வருடம் பாவிக்கலாம் என்று கேட்டவர்கள் உண்டு. அயலவனுக்குத் தெரியுமா என்று பயந்தவர் இவர் ஒருத்தர்தான்.

"ஏன் அண்ணன், பக்கத்து வீட்டில ஆரு?"

பதிலைக் கனகரத்தினத்தின் மனைவி றஞ்சிதம், கடைக்காரரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிட்டபடி சொன்னாள்.

"சிவராசா எண்டொரு மனுசன், நானா. எங்கட காணிக்குள்ள ஒரு முழம் வேலியைத் தள்ளிப் போட்டவர். அவற்ற பெட்டை டிலக்சனா ஷெல் பட்டு ரெண்டு காலும் ஏலாமல் யன்னலோட கட்டிலில கிடக்குது. எங்கட பழைய ரீவி பழுதாப் போகுமட்டும் எங்களை விட அதுதான் கூடப் பாத்தது."

அவர்களின் ஊரான உயிலங்குளத்துக் கதை இதுதான். அகதி முகாமில் இருந்த காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே கூடாரம், ஒரே உலை. நடுவில் ஒரு சேலைகூடக் கட்டவில்லை. ஊருக்குத் திரும்பி ஆளுக்கொரு வீட்டுத்திட்ட வீடு கிடைத்ததும் வேலி ஞாபகம் வந்துவிட்டது. சமாதானம் என்றால் சும்மாவா?

சரிபுதீனுக்கு மனம் கசந்தது. அயலவரின் உரிமையைப் பற்றிப் போன வெள்ளிக்கிழமைதான் பள்ளிவாசலில் மௌலவியின் பயான் உரை கேட்டுக் கண் கலங்கியவர். ஆனால் பயான் பள்ளியில், வியாபாரம் கடையில். ஒரு வருடமாக விலைப்படாமல் மூலையை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய பெட்டியைக் காட்டினார்.

"அப்ப உங்களுக்கெண்டே வந்தது இதுதான். புறொஜெக்ஷன் ரீவி, ஐம்பது இஞ்சி. உள்ளுக்குள்ள பல்ப் எரிஞ்சு, பின்னால இரிந்து திரையில படம் விழும். நேரா இரிந்தா தியேட்டர் மாதிரி. பக்கவாட்டில போனா இருட்டு. தட்டை ரீவியை விட நல்ல மலிவும்."

றஞ்சிதத்தின் முகம் மலர்ந்தது. "இஞ்சருங்கோ, இதையே எடுப்பம்."

கனகரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டினார். பெட்டியின் பக்கவாட்டில் எட்டடி எடுத்து வைத்தார். கடையின் சீமெந்துத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, தலைக்குக் கையை முண்டு கொடுத்தபடி திரையைப் பார்த்தார்.

சாமான் வாங்க வந்த இரண்டு பெண்கள் விலகி நின்றார்கள்.

"அண்ணன், என்ன செய்யிறீங்க?"

"அந்தப் பிள்ளை படுத்துக் கிடந்துதானே பாக்கிறது. நாங்களும் படுத்துத்தானே பாக்க வேணும்?"

அடப் பாவி மனுசா! கால் ஏலாத பிள்ளைக்கு ஒரு மூலைகூட மிஞ்சக்கூடாது என்று தரையில் உருண்டு பரிசோதிக்கிறவரைச் சரிபுதீன் அன்றுதான் கண்டார். இந்த அக்கறையை வயலில் காட்டியிருந்தால் மூன்று போகம் விளைந்திருக்கும்.

"தெரியுதே?" என்றாள் றஞ்சிதம்.

"இல்லை. கும்மிருட்டு."

"அப்ப கட்டச் சொல்லுங்கோ!"

கனகரத்தினம் எழும்பி உட்கார்ந்தார். "நானா, பல்ப் எரிஞ்சு போனால்?"

"கொழும்பில எடுக்கலாம்."

"கொழும்போ? சரிவராது. அந்தத் தட்டையைப் போடுங்கோ பாப்பம்."

தட்டை ரீவிக்கும் அதே படுக்கை. இந்தமுறை இரண்டு பக்கமும் மாறி மாறிப் படுத்தார். பிறகு எழும்பிச் சாரத்தைத் தட்டினார்.

"இதைக் கட்டுங்கோ."

றஞ்சிதம் பதறினாள். "ஐயோ, இது எல்லாப் பக்கமும் தெரியுதே! ஆளும் சின்னன், விலையும் கூட!"

"யன்னலைப் பூட்டினால் முடிஞ்சுது. நீர் சும்மா வாரும்."

யன்னலைப் பூட்டுவாராம்! கல்நெஞ்சன் என்று மனதுக்குள் பட்டம் கொடுத்தபடியே சரிபுதீன் சிரித்த முகத்தோடு ரீவியைக் கட்டினார்.

பின்னேரம் அவரே உயிலங்குளத்துக்கு வந்து அதைச் சுவரில் பொருத்தினார். வேலிக்கு அப்பால் பத்தடியில் அடுத்த வீட்டு யன்னல். அதில் ஒரு சிறுமியின் முகம் தெரிந்தது. சரிபுதீன் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

படம் வந்ததும் றஞ்சிதம் யன்னலைப் பூட்டப் போனாள்.

"விடும், காத்து வரட்டும்," என்று சொல்லிவிட்டுக் கனகரத்தினம் வளவுக்குள் இறங்கினார்.

இரண்டு வீட்டுக்கும் ஏழு மாதமாகப் பேச்சில்லை. சொல்ல வேண்டியதை இவர் தன் மாட்டுக்குச் சொல்வார். சிவராசா தன் ஆட்டுக்குச் சொல்வார். ஏச்சு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத் தவறாமல் போய்ச் சேரும்.

வேலியோரம் நின்ற மாட்டைப் பார்த்துக் கனகரத்தினம் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"நாசமாப் போன மாடே! அந்தக் கடைக்காரன் என்னை நல்லா ஏமாத்திப் போட்டான்! எந்தப் பக்கம் படுத்துக் கிடந்து பாத்தாலும் படம் தெரியுது! யன்னலும் பூட்டேலாமல் இறுகிப் போச்சு! இனி ஆரும் பாத்தால் நான் என்ன செய்யிறது?"

வாசலில் நின்ற சரிபுதீனுக்கு வெட்கமாக இருந்தது. ஏமாற்றுக்காரன் என்று பெயர் எடுத்ததில் இவ்வளவு சந்தோசம் வரும் என்று அவர் நினைத்ததேயில்லை.

வேலிக்கு அப்பால் இருந்து சிவராசாவின் குரல் தன் ஆட்டை அதட்டியது:

"ஏய் ஆடே, சும்மா கத்தாதை! படம் தெரிஞ்சால் மட்டும் காணுமோ? பிள்ளைக்குச் சத்தமும் கேக்க வேண்டாமோ!"