ஜெப்சனின் பெயர்

"அவரு பேரு வந்துருச்சுங்களா மாமா?" மாடியிலிருந்து கேட்டாள் மருமகள் ஜோஸ்லின்.

தேவசிகாமணி செல்போனில், வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தார். "உன் கம்ப்யூட்டர் மட்டுந்தான் காட்டுது கண்ணு."

அவளுடைய லினக்ஸ் கணினிக்குள், மென்பொருளாலேயே ஆன இன்னொரு மெய்நிகர் கணினி ஓடியது. பிரிட்ஜ் என்ற இணைப்புப் பாலம் அமைத்தால்தான் அது வீட்டு நெட்வொர்க்கில் தனிப்பெயரோடு தெரியும். அமைத்தாள். "இப்பங்க?"

"ஜெப்சன்னு வந்துருச்சு சாமி!"

பட்டியலில் பெயர் தெரிந்தால் மகன் வேலைக்கு உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். உடனே காபியோடு மாடியேறுவது அவர் வழக்கம். இன்றும் ஏறினார்.

ஜோஸ்லின் தனியாக இருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன், ஏற்காடு மலைப்பாதை விபத்தில் ஜெப்சன் போய்விட்டான். நொறுங்கிய லேப்டாப்பில் மிஞ்சிய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அவன் கணினியைத்தான் அவள் மெய்நிகர் கணினியாக மீட்டிருந்தாள்.

திரையையே பார்த்து நின்றவர், டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"ஆறிப்போயிரும் கண்ணு. நீ குடி."